தானாகக் குதிக்கும் பொம்மை

போன் திரையில் பொம்மை மறுபடியும் தானாகக் குதித்து, பள்ளத்தில் விழுந்து செத்தது.

"உன் கை பட்டுச்சுல்ல மச்சான், அதான் கெட்டுப்போச்சு," என்றான் ஆபிசாய். வாய் இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. நக்கலுக்கு மட்டும் குறைவில்லை.

என் தங்கை லோசலினியின் கணவன் அவன். பிஜித் தீவில், லௌதோகா கரும்பாலையில் கிரேன் ஓட்டியவன். பக்கவாதம் வந்து வலது கை செத்துக் கிடக்கிறது. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் இதற்குமேல் பெரிதாக ஒன்றும் தேறாது என்று சொன்ன நாளிலிருந்து, சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். மரவள்ளியைக்கூட ஊட்டினால்தான் தின்றான்.

அவனை எழுப்பி உட்கார வைத்தது இந்த விளையாட்டுதான். போனில் பழைய டிவி விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர், கூடவே ஒரு ப்ளூடூத் கண்ட்ரோலர். எல்லா வேலையையும் இடப்பக்கப் பொத்தான்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். கண்ட்ரோலர் ஆடாமல் இருக்க, லோசலினி அவன் வலது கையைத் தூக்கி அதன் வலப்பக்கம் வைத்துவிடுவாள்.

மூன்றாம் கட்டத்தைத் தாண்டினால் பயிற்சிக்கு மறுபடி போகிறேன் என்று அவனே சொல்லியிருந்தான். இப்போது முதல் பள்ளத்தையே தாண்ட முடியவில்லை.

பழி என்மேல் விழுந்தது. போன வாரம் கண்ட்ரோலரைக் கேட்டு வாங்கிப்போனது நான்தான். பிஜியின் பூர்வகுடிகளான எங்களில் சொந்தக்காரன் ஒரு பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்கிறவனுக்கும் வெட்கம் கிடையாது.

அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் எங்களில் கிடையாது. அதனால் லோசலினி புருஷனைப் பார்த்தபடியே என்னைத் திட்டினாள்.

"சொல்லுங்க அவருகிட்ட. வாங்கிட்டுப் போகத் தெரிஞ்சா மட்டும் போதாது, ஒழுங்கா திருப்பிக் கொடுக்கவும் தெரியணும்."

என் போனில் இருந்த இணைப்பை அழித்தேன். அவன் போனிலும் அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். சார்ஜ் ஏற்றினேன். எமுலேட்டரையே நீக்கிவிட்டு மறுபடி போட்டு, பொத்தான்களை முன்போல மாற்றி வைத்தேன்.

என் கையில் பொம்மை சொன்னபடி கேட்டது. கண்ட்ரோலரைப் பாயில் வைத்தால் சும்மா நின்றது. அவன் கைக்குப் போனால் மட்டும் குதித்தது.

"ஆலையில கிரேனும் உன்கிட்ட இப்படித்தான் குதிச்சுதா?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "போதும், எடுத்துட்டுப் போயிடு," என்று சுவர்ப்பக்கம் திரும்பினான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடித்தான் அவனை மறுபடி திரும்ப வைத்தேன்.

அழுத்தும் பொத்தானின் பெயரைக் காட்டும் சோதனைப் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்து, கண்ட்ரோலரை அவன் மடியில் வைத்தேன். லோசலினி வழக்கம்போல அவன் வலது கையை எடுத்து வைத்தாள்.

"இடது கையை எடுத்துடு. எதையும் தொடாதே."

போலீஸில் மாட்டியவன் போல இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

திரையில் 'பி' எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

'பி' வலப்பக்கப் பொத்தான். குதிக்க வைக்கும் பழைய வேலை அதிலும் அப்படியே இருந்தது. அதை யார் அழுத்தப்போகிறார்கள் என்று நான் அழிக்காமல் விட்டிருந்தேன்.

குனிந்து அவன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தேன். லோசலினியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், கையால் வாயைப் பொத்தியபடி.

ஆபிசாயின் கண் திரையை விட்டு நகரவில்லை.

"பாத்தியா," என்றான், என்னை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில். "நான் தொடவே இல்லை. இன்னும் கெட்டுத்தான் கிடக்கு."