பின்னால் வருகிற காலி பஸ்

காலையில் வந்த ஒரே பஸ்ஸும் நிற்கவில்லை. "பின்னாலயே காலியா வருது, அதுல ஏறிக்கோங்க" என்று படிக்கட்டிலிருந்து கத்திவிட்டுப் போனார் கண்டக்டர். அது எந்த ஜென்மத்தில் வருமோ. நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கி நெருக்கி, ரெஜினாவால் முகத்து வியர்வையைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று தையல் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டு, ரூபாய் நோட்டை நீட்டியது. "அக்கா, டோல்கேட் ஒண்ணு. பாஸ் பண்ணுங்க." பழக்கதோஷத்தில் வாங்கி முன்னால் நின்றவரிடம் கொடுத்தாள். அவரும் திரும்பிப் பாராமல் தனக்கு முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். பஸ்ஸே இல்லையே என்று அவளுக்கு உறைப்பதற்குள், கைமாறிக் கைமாறி டிக்கெட் வந்துவிட்டது.

ரெஜினா எக்கிப் பார்த்தாள். தலைகள்தான் தெரிந்தன. "அப்படியே ஒரு லேடீஸ் டிக்கெட்டு!" என்றாள். அதுவும் வந்தது, வெதுவெதுப்பாக. காற்று வீசியது. எல்லோரும் ஒருசேர முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். எதிரே இருந்த டீக்கடை மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிறகு பூக்கடை, பிறகு பாலம். அவளுக்குக் கண்கள் செருகின.

உரசினாற்போல் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே ஓர் ஆள் இல்லை. "டோல்கேட், டோல்கேட்! ஏறும்மா!" என்று காலையில் பார்த்த அதே கண்டக்டர் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. ரெஜினா டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க நிக்கவே எடமில்ல சார். பின்னாலயே காலியா வருது, அதுல ஏறிக்கோங்க."

கண்டக்டர் இறங்கினார். சாலையோரமாக நின்று, கழுத்தை நீட்டி, அது வரும் திசையைப் பார்க்கத் தொடங்கினார்.