ஊசியில் ஓடிய கால்

“இதை எழுதினது நீங்கள் இல்லையெண்டு என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ.”

நிருஷா கைபேசியைக் கணவனின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மதுஷன் குனிந்து பார்த்தான். அவன் வேலை செய்யும் கால்பந்துக் கழகத்தின் ரசிகர் பக்கம் அது. பெயரும் முகமும் இல்லாத யாரோ எழுதியிருந்தார்கள்: ‘மாரெக்கின் வலது முழங்கால் செத்துவிட்டது. ஊசி போட்டு மரத்த காலோடு ஓடுகிறான். அவனை ஆட்டத்தில் இறக்காதீர்கள்.’

“ஆர் இவன்?” என்றான் மதுஷன்.

“அதைத்தான் நானும் கேக்கிறன். ஒவ்வொரு மாட்ச்சுக்கும் முதல் நாள் போடுறான். கீழ எல்லாரும் பகிடி பண்ணி எழுதியிருக்கினம். இஞ்சருங்கோ, இது உண்மையோ?”

மதுஷன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“உங்கட முழியே சொல்லுது. வேற ஆருக்குத் தெரியும்?”

“டொக்டருக்குத் தெரியும். மாரெக்குக்குத் தெரியும். நிரு, நீர் இதை வெளியில கதைக்காதையும்.”

“டொக்டர் அவங்கட ஆள். அவரைக் கேக்கமாட்டாங்கள். முதல் வெட்டு உங்கட கழுத்துக்குத்தான்.”

மதுஷன் அந்தக் கழகத்தின் பிசியோ, ஆட்டக்காரரின் மூட்டுக்கும் தசைக்கும் சிகிச்சை செய்பவன். மொன்றியலில் தன் வீடு இருக்கும் லாசாலில் எந்தத் தமிழர் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அவனைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். எல்லோரும் மாரெக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். இவன் சிரித்து மழுப்பிவிடுவான். சிகிச்சைக் கட்டிலில் படுத்தவன் சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது அவன் தொழிலின் சட்டம். மனைவியிடம்கூட அவன் அதை மீறியதில்லை.

மாரெக் போலந்துக்காரன். கோல் அடிப்பதே வேலையாக ஜெர்மனி, துருக்கி என்று விழுந்தெழும்பி மொன்றியலுக்கு வந்தவன். வயது முப்பத்துமூன்று. அந்த வேலைக்கு அது கிழட்டு வயது. ஒப்பந்தம் இந்த இலையுதிர் காலத்தோடு முடிகிறது. ஊரில் அப்பா வீடு, தம்பி வீடு, புருசனைப் பிரிந்த அக்கா வீடு என்று மூன்று வீடுகள் அவன் காலில் நின்றன. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அப்பா தொலைபேசியில் வந்து, “இன்றைக்கு எத்தனை கோல்?” என்று கேட்பார். கால் எப்படி என்று கேட்கமாட்டார். வெளிநாடு போன பிள்ளைக்கு எதுவும் வலிக்காது என்று நினைக்கும் நம்மவரைப் பார்த்துப் பழகிய மதுஷனுக்கு அந்தப் போலந்துத் தகப்பன் புதிதாகத் தெரியவில்லை.

நிருஷாவின் வாய் பலித்துவிட்டது. மறுநாள் மைதானத்துக்குள் நுழைந்தவுடனே மேலாளர் கூப்பிட்டார்.

“டொக்டர் எழுதமாட்டார். மாரெக் தன் சோற்றில் தானே மண் போடமாட்டான். மிச்சம் நீதான்.”

“நானில்லை, சேர்.”

“பிறகு யார்?”

“தெரியாது. ஆனால் நானில்லை.”

எத்தனை தரம் சொல்லியும் அந்த மனுசன் காதில் ஏறவில்லை. “சாமான்களை எடுத்துக்கொண்டு போ” என்று கதவைக் காட்டினார்.

சிகிச்சை அறையில் மாரெக் முழங்காலைத் திறந்து போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஊசி ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. மாரெக்கின் ஆங்கிலம் போலந்து மணக்கும்; மதுஷனுடையது யாழ்ப்பாணம் மணக்கும். இருவருக்கும் அது போதும்.

“என்னை நிறுத்திவிட்டார்கள். நான் எழுதவில்லை, மாரெக்.”

“தெரியும்.”

“தெரிந்தால் எழும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லு. உனக்காகத்தானே இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.”

மாரெக் முன்னங்கையால் கண்களை மூடிக்கொண்டான். “இன்றைக்கு முழங்காலை யார் கட்டுவது?” என்று மட்டும் கேட்டான்.

மதுஷனுக்குப் பற்றி எரிந்தது. நன்றி கெட்டவன் என்று மனதுக்குள் திட்டினான். ஆனாலும் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பட்டியை எடுத்து, கடைசித் தடவையாக இறுக்கிக் கட்டிவிட்டு வெளியேறினான்.

அன்று ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தான். “பாவம் ஓரிடம், பழி ஓரிடம்” என்று நிருஷா பக்கத்தில் இருந்து புறுபுறுத்தாள். இரண்டாம் பாதியில் மாரெக் தலையால் அடிக்க உயரப் பாய்ந்தான். இறங்கும்போது வலது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. கிட்டே யாரும் இல்லை, யாரும் தொடவுமில்லை. மதுஷன் எழுந்து நின்று “ஐயோ” என்று கத்தினான்.

“வேலையைப் பறிச்சவனைப் பார்க்கப் போறியளோ?” என்று நிருஷா தடுத்தும் கேளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். மாரெக்கின் கால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டுக்குள் இருந்தது. நடப்பானாம், தடியோடு. பந்தை இனி மறக்க வேண்டியதுதான் என்று தாதி சொன்னாள். மதுஷனுக்குக் கோபத்தை யார் மேலாவது இறக்கினால்தான் மூச்சு வரும் போலிருந்தது.

“அந்த முகமில்லாத நாயை நான் சும்மா விடமாட்டேன், மாரெக். என்னோடு சேர்ந்து நீயும் தேடு.”

மாரெக் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“மன்னித்துவிடு, மது. வலிக்கிறது என்று என் பெயரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பெயரில்லாமல் எழுதினேன். எழுதியவனை எல்லோரும் தேடினீர்கள். எழுதியதைக் கேட்டு என்னை நிறுத்த ஒருத்தருக்கும் மனம் வரவில்லையே, உனக்கும்கூட.”