வயலில் நின்றவர்

"ஒரு வயலுக்கு ஒரு மானியம்தாம்மா. உங்க வயலுக்கு ஏற்கெனவே ஒருத்தர் வாங்கிட்டார். கிளம்புங்க."

வேளாண்மை அதிகாரி தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். இடது காலில் பெரிய கட்டு. அதை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார்.

சோளக்காரம்மா நகரவில்லை. இந்த வாரத்தில் அவள் வருவது இது நாலாவது தடவை.

"என் வயலுக்கு நான் வாங்காம வேற எவன் சார் வாங்குவான்? பத்திரம் என் பேர்ல இருக்கு. உழுதது நானு, விதைச்சது நானு."

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது. பயிருக்கு நடுவுல நின்னு போன்ல போட்டோ எடுத்து அனுப்பணும். எந்த இடத்துல எடுத்ததுன்னு அதுவே கண்டுபிடிச்சிடும். முதல்ல யார் அனுப்பறாங்களோ அவங்களுக்குத்தான் பணம். நீங்க லேட்."

நல்ல நியாயம். முதுகு ஒடிய உழைத்தவளுக்கு ஒன்றும் கிடையாது. போட்டோவுக்கு நின்றவனுக்குப் பணம்.

"இந்தப் பணத்தை நம்பித்தான் சார் மோட்டார் எடுத்தேன். திங்கட்கிழமைக்குள்ள வரலைன்னா கடைக்காரர் கழட்டிட்டுப் போயிடுவார். தண்ணி இல்லாம கதிர் எப்படி முத்தும்? நீங்களே ஒரு நடை வந்து பாருங்க. அது யாரோட வயல்னு அக்கம்பக்கத்துல கேளுங்க."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா? பைக்லேருந்து விழுந்து பத்து நாளாச்சு. பாத்ரூம் போகவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கு. உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

பாவம்தான் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, அந்தப் போட்டோவையாவது காட்டுங்க. எவன்னு பார்த்துட்டுப் போறேன்."

"வெளியாளுங்களுக்குக் காட்டக் கூடாது."

"என் வயலுக்கு நான் வெளியாளா?"

தணிந்த குரல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"காட்டினா என்ன சார் குறைஞ்சிடும்?" என்றார் ஒரு கரும்பு விவசாயி.

"கூடாதுன்னா கூடாது" என்று அதிகாரி எழுந்திருக்கப் பார்த்தார். கால் விடவில்லை. அதற்குள், பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் திரையைச் சோளக்காரம்மா பக்கம் திருப்பிவிட்டாள். இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஆளுயரச் சோளத்துக்கு நடுவே ஒருவன், வெயிலுக்குக் கட்டியதுபோல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது.

"மூஞ்சியே தெரியலை. இதைப் பார்த்துட்டு யார் சார் கையெழுத்துப் போட்டது?"

அதிகாரி மேசையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அவள் திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள். ஆள் யாரென்று தெரியவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் இருந்தது அவளுடைய செவலை நாய். பால்காரரைக்கூட வயல் பக்கம் அண்டவிடாத நாய். இன்னொரு போட்டோ எடுக்க அவனுக்கு நேரம் இருந்திருக்காது. நாய் அவனுடைய இடது கணுக்காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

சோளக்காரம்மா திரையைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள்.

"ஏன் சார், நீங்க விழுந்த பைக்குக்குப் பல்லு இருந்துச்சா?"