கறுப்புக் கட்டம்

திரையில் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம்தான் வந்தது.

மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ பளிச்சென்று இருந்தது. கீழே பெயர்: மு. கோகிலவாணி.

மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கு அடுத்த சிஸ்டத்தில் உட்காருகிறவள். நேற்று வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்திருந்தேன்.

அவள் அப்பா முனிராஜ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அழவில்லை. அழுது முடித்திருப்பார்.

“எங்கீங்க ஆச்சு?” என்றேன்.

“ஒகேனக்கல்ல.”

ஆறு கண்ணுக்குள் வந்தது. திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலையில் அப்டேட் போட்டதிலிருந்து டிசைன் சாஃப்ட்வேர் எந்தப் படத்தையும் காட்டவில்லை. அப்டேட் போட்டது நான்தான். எதையோ தவறாக அழுத்தியிருப்பேன். வேறு படம் வைத்துப் பார்த்தேன். கறுப்பு. ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்பு.

“டேய் அருளு, போட்டோ வேணாம், உடு. பேரு இருக்குதில்ல, அது போதும்,” என்றார் ஃப்ளெக்ஸ் கடை முதலாளி தமிழ்மணி அண்ணன், என்னைப் பார்க்காமல்.

முகமில்லாமல் அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“கொஞ்சம் இருங்கண்ணா.”

படத்தைத் திரையில் வரைந்து காட்டுவது கிராஃபிக்ஸ் லைப்ரரி என்ற சில கோப்புகள். கோளாறு புதியவற்றில்தான் இருக்க வேண்டும். மூலையில் கிடந்த பழைய சிஸ்டத்திலிருந்து அதே கோப்புகளின் முந்தைய பதிப்பைப் பென்டிரைவில் எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தேன். முதலாவதில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததில் சாஃப்ட்வேரே மூடிக்கொண்டது. எனக்கு இதெல்லாம் வராது என்று எழுந்துவிடலாம் போலிருந்தது.

கடைசிக் கோப்பில் அவள் வந்தாள்.

கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரங்களைச் சீராக்கினேன். நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன்.

முனிராஜ் குனிந்து பார்த்தார்.

“இன்னும் பெருசு பண்ணு தம்பி. பஸ்ஸ உட்டு எறங்கும்போதே மூஞ்சி தெரியணும்.”

பெரிதாக்கினேன். பூ மாலையை அவள் முகத்தை மறைக்காமல் நகர்த்தி வைத்தேன். ஒரே ஒரு வரிதான் காலியாக இருந்தது.

“இறந்த நேரம் என்னன்னு போடட்டுங்க?”

“நேத்து காலைல ஒம்போதரை,” என்றார். “அவன் இவ கழுத்துல தாலி கட்டுன நேரம்.”