புகார் வராத ஊர்

சாக்கடை நாற்றத்தைப் பற்றி எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை புகார் வந்திருக்கிறது என்பதைத் தீபிகா கணினியில் வரைபடமாக்கியிருந்தாள். புகார் கூடக் கூட ஊரின் நிறம் சிவந்தது.

"ஜனங்க படுற பாட்ட யாருமே கேக்கறதில்லம்மா" என்று சொல்லி அந்த வேலையைக் கொடுத்த சமூக சேவகர் அறிவழகன், சிதம்பரத்தில் அவள் அலுவலகத்துக்கே பார்க்க வந்திருந்தார்.

"வெள்ளையா இருக்கே, அது எந்த ஊரு?"

"கிள்ளை சார், எங்க ஊரு. ஒரு புகார்கூட வந்ததில்ல" என்றாள் பெருமையாக.

முகம் மலர்ந்து வாசலுக்குப் போனவர் போனில் பேசியது உள்ளே கேட்டது.

"மச்சான், இனிமே நம்ம செப்டிக் டேங்க் லாரிய எல்லாம் கிள்ளைக்கு உடு. வாய்க்கால்ல கொட்டுனாலும் கேக்க ஆளில்ல."

தீபிகா எழுந்தாள். வெளியே வந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"சீ! லாரி நம்பரச் சொல்லுய்யா. கிள்ளையிலேருந்து மொதப் புகார் நான்தான் குடுக்கப் போறேன்."