ஏழாம் பாடம்

"குட் மார்னிங்! ஹேவ் யூ ஹேட் யுவர் பிரேக்ஃபாஸ்ட்?" என்று கேட்டது கேசட்டிலிருந்த பெண் குரல்.

"ஆச்சும்மா. ரெண்டு இட்லி துன்னேன்" என்றாள் பூவம்மாள். காதில் ஹெட்போன், மடியில் துடைப்பம்.

லேப் அசிஸ்டென்ட் தோத்தாத்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாம்பரத்தில் இந்தக் கல்லூரிக்கு அவர் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமாகத் தினமும் காலை எட்டரைக்கு இதே கூத்துதான். பெருக்க வந்தவள் பெருக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே? லாங்குவேஜ் லேபில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவள் இங்கிலீஷ் கற்று என்ன ஆகப்போகிறது?

மாணவர்கள் காதால் கேட்டு இங்கிலீஷ் பழகுவதற்கான கேசட் அது. கேன்டீனில், லைப்ரரியில், பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்கிற சாதாரணப் பேச்சு. ஒரு கேள்வி வரும், பிறகு பத்து விநாடி மௌனம். அந்த மௌனத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக்காரன் கேசட் நம் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று, மூன்று வருஷத்துக்கு முன் இங்கிலீஷ் புரொபசர் தன் மாணவர்களையே பேசவைத்துப் பதிவு செய்தார். பாடத்துக்கு ஒரு கேசட். மாற்றுப் பிரதி கிடையாது.

"ஏழாம் பாடம் பேசினது நம்ம பி.ஏ. பொண்ணுதான். என்ன உச்சரிப்பு தெரியுமா! ஃபைனல் இயர் முடிக்கலை" என்று ஒருநாள் சொன்னார் புரொபசர். மே மாதம் ரிட்டயர் ஆகிப் போகும்போதும் மறக்காமல் அந்தப் பாடத்தையே பிடித்துக்கொண்டார். "பூவம்மா கேட்டா ஏழாம் பாடத்தைப் போட்டுக் குடுங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

பெரியவருக்கு இளகின மனசு என்று தோத்தாத்ரி நினைத்துக்கொண்டார்.

"ஐ ஆம் கோயிங் டு த லைப்ரரி. வில் யூ கம் வித் மீ?"

"எனக்கு வேல கீது. நீ போய்ட்டு வா கண்ணு."

பிரேக்ஃபாஸ்ட் என்றால் என்ன, லைப்ரரி என்றால் என்ன என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தோத்தாத்ரிக்கே இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. இருபது வருஷமாக 'ஹி டோன்ட் நோ' என்றே சொல்லிவருகிற மனுஷர். அப்படிப்பட்டவர் கண்ணெதிரே பெருக்குகிறவள் இங்கிலீஷ் கேள்விக்குப் பதில் சொன்னால் பொறுப்பாரா?

"சீ யூ இன் த ஈவினிங்!" என்று பாடம் முடியும். அதற்கு மட்டும் பூவம்மாள் பதில் சொல்வதில்லை. ஹெட்போனை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

"ஏம்மா, நாப்பது பாடம் இருக்கு. வேற ஒண்ணு கேக்கப்படாதா?"

"இதுவே போதும் சார்."

"இங்கிலீஷ் பேசிக் கலெக்டர் ஆகப்போறயாக்கும்?"

"இல்ல சார். அது கேக்குது. பதில் சொல்லாட்டி எப்பிடி?"

சரியான பைத்தியம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தாமதம் வேறு. அவள் குடியிருக்கும் இரும்புலியூர் ஜனமெல்லாம் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டி ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடுகிறது. இவள் மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, மேம்பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு வருவாள். ஏன் என்று கேட்டால், "லைன்ல கால் வெக்க மாட்டேன் சார்" என்பாள். அவ்வளவுதான் பதில்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. மணி ஒன்பதாகியும் பூவம்மாளைக் காணோம். பி.காம். முதல் வருஷப் பையன்கள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தாயிற்று, லேப் இன்னும் பெருக்கப்படவில்லை.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இன்னிக்கு அவளுக்கு நான் நடத்தறேன் பாடம். தமாஷ் பாருங்கோடா!"

தோத்தாத்ரி ஏழாம் பாடத்தைச் செருகினார். பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினார். குரலைக் கீச்சென்று பெண்பிள்ளை மாதிரி ஆக்கிக்கொண்டு மைக்கில் பேசினார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பூவம்மாள் நனைந்துபோய் வந்தாள். தலையைக்கூடத் துவட்டாமல், "ஒரே ஒரு தபா கேட்டுட்டுப் பெருக்கிடறேன் சார்" என்று கெஞ்சினாள்.

"பேஷா கேளேன்" என்று ஸ்பீக்கரையும் சேர்த்துப் போட்டுவிட்டார் தோத்தாத்ரி.

"குட் மார்னிங் பூவம்மா! ஹேவ் யூ க்ளீன் த பாத்ரூம்? வில் யூ கம் வித் மீ டு த டஸ்ட்பின்?"

லேபே அதிர்ந்தது. ஒரு பையன் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து நழுவி விழுந்தான்.

பூவம்மாள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கேசட்டை வெளியே எடுத்து, மேலே ஒட்டியிருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தாள். திரும்பப் போட்டாள். மறுபடியும் அதே கீச்சுக்குரல். பக்கம் மாற்றிப் போட்டாள். வெறும் இரைச்சல்தான் வந்தது.

"சார், கேசட்டு மாறிப்போச்சு. ஏழு குடு சார்."

"அதேதான் இது. அந்தப் பொண்ணை அழிச்சாச்சு. இனிமே நான்தான் உனக்கு வாத்தியார்!"

பையன்கள் மேஜையைத் தட்டினார்கள்.

"வேற எதுலனா கீதா சார், அந்தக் கொரலு?"

"எதுலயும் கிடையாது. போய் வேலையைப் பாரு, போ."

பூவம்மாள் துடைப்பத்தை எடுக்கவில்லை. கேசட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"ரயில்ல அடிபட்டுப் போனது பத்தலியா சார், எம் பொண்ணுக்கு?"