நாற்பது பாட்டின் ஆரம்பம்

ஓணானுக்கு கிட்டாரில் நாற்பது பாட்டு தெரியும். அதாவது, நாற்பது பாட்டின் ஆரம்பம் தெரியும். விரல் சிக்குகிற இடம் வந்ததும், "இதை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். ஆனால் வாசிக்கும்போது அது தலையாட்டுகிற அழகு இருக்கிறதே, பெரிய வித்வான் கெட்டார் போங்கள்!

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அணில் தன் மகள் கல்யாணத்துக்கு ஓணானைக் கூப்பிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வரும்வரை ஒரே ஒரு பாட்டு வாசித்தால் போதும்.

ஓணான் முதல் பாட்டைத் தொடங்கியது. விரல் சிக்கியது. இரண்டாவதற்குத் தாவியது. அதுவும் சிக்கியது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு அடி எடுத்து வைப்பதும் நிற்பதுமாக இருந்தார்கள். நாற்பதாவதும் சிக்கியபோது, இத்தனை வருஷமாகத் தள்ளிப்போட்ட 'நாளைக்கு' எல்லாம் மொத்தமாக மண்டபத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது போல ஓணானுக்குத் தோன்றியது.

அணில் பவ்யமாக அருகில் வந்தது.

"அண்ணே, சுருதி சேர்ந்துடுச்சா? பொண்ணு ரொம்ப நேரமா நிக்குது. பாட்டை ஆரம்பிச்சுடலாமா?"

"இன்னும் ஒரே ஒரு கம்பிதான் சேரணும்" என்றது ஓணான், தலையாட்டிக்கொண்டே.